பகா எண்களும் ஸ்தாயிப் பகுப்பும்

தமிழிசையை ஆராயப் புகுவார் எவரும் கண்டு மலைக்கத்தக்க பெருநூல் ஒன்று உண்டு. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் அவர்கள் இயற்றி 1917-ஆம் ஆண்டில் வெளியிட்ட கருணாமிர்த சாகரம் என்பதே அது. சிலப்பதிகாரப் பாடத்திற்குத் துணையாகும் என்று கருதி அந்நூலை எடுத்து விரித்த யான், உரையும் மேற்கோளும் நிறைந்திருக்கும் என்று எண்ணிய இடங்களில் எண்ணட்டவணைகளைக் கண்டேன். பின்னங்களும் தசமங்களும் வரிசை வரிசையாக நின்றன. தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயிலும் எனக்குக் கணிதத்தோடு இருந்த உறவு பள்ளிப் படிப்போடு முடிந்துவிட்டது. ஆயினும் அவ்வட்டவணைகளைத் தள்ளிவிட்டு மேலே செல்லக் கூடவில்லை. பண்டிதர் அவர்கள் எழுப்பிய வினா அவற்றினுள்ளேதான் அடங்கியிருந்தது. ஒரு ஸ்தாயியில் உள்ள சுருதிகள் எத்தனை? 22 என்று வழிவழியாகச் சொல்லப்பட்டு வந்ததை மறுத்து, 24 என்று அவர்கள் நாட்டினார்கள்.

இவ்வழக்கைத் தீர்க்கத் துணையாகுமோ என்று கணித வகுப்பு நண்பர் ஒருவர் எனக்கு ஒரு பெயரைச் சொன்னார். ஸீட்டாச் சார்பு என்பது அப்பெயர். பகா எண்களின் ஒழுங்கை ஆராய்வதற்கென்று கணித அறிஞர் கையாளும் கருவி அது. இசைக்கும் அதற்கும் யாது தொடர்பு என்று வியந்தவாறே கற்கத் தொடங்கினேன். கற்றதை என்போன்ற கணிதம் பயிலா மாணவர்க்கும் விளங்குமாறு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். பண்டிதர் அவர்களின் பக்கமே தீர்ப்பு அமையும் என்ற ஆசையோடுதான் புகுந்தேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகின்றேன்.

சுரமும் விகிதமும்

இழுத்துக் கட்டிய நரம்பு ஒன்றைத் தெறித்தால் ஓர் ஒலி எழுகின்றது. அந்நரம்பின் சரிபாதியைத் தெறித்தால் அதிர்வு இரட்டித்து, அதே சுரம் மேல் ஸ்தாயியிற் கேட்கின்றது. மூன்றில் இரண்டு பங்கைத் தெறித்தால் பஞ்சமம், அஃதாவது இளி, பிறக்கின்றது. அதன் அதிர்வு 3/2 மடங்கு. ஐந்தில் நான்கு பங்கைத் தெறித்தால் அந்தர காந்தாரம் பிறக்கின்றது. அதன் அதிர்வு 5/4 மடங்கு. இங்ஙனம் சிறிய எண்களின் விகிதத்தால் அமையும் சுரங்கள் ஒன்றோடொன்று இனிது பொருந்துகின்றன என்பதை மேல்நாட்டார் பண்டைக் கிரேக்கர் காலந்தொட்டே அறிந்திருந்தனர்.

இனி, எண்களுள் பகா எண் என்பது தன்னாலும் 1-ஆலும் அன்றி வேறெவ்வெண்ணாலும் வகுபடாதது. 2, 3, 5, 7, 11, 13 என்பன அவை. உயிரும் மெய்யும் கூடி உயிர்மெய் ஆவது போல, 2-ம் 3-ம் பெருகி 6 ஆகின்றது. 3-ம் 5-ம் பெருகி 15 ஆகின்றது. ஆதலின் பகா எண்களை எண்ணுலகின் முதலெழுத்துக்கள் எனலாம். இசையிலும் அவ்வாறே. 2 என்னும் எண் ஸ்தாயியைத் தருகின்றது. 3 இளியைத் தருகின்றது. 5 அந்தர காந்தாரத்தைத் தருகின்றது. பிற இயைபுகள் இவற்றின் கூட்டுறவால் விளைவன. 2, 3, 5 முதலியவற்றைச் செம்மையாகத் தரும் இசைக்கருவி ஏனைய விகிதங்களையும் பெரும்பாலும் செம்மையாகவே தந்துவிடும்.

சம பாகம் வேண்டுவதேன்?

விகிதப்படியே சுரங்களை அமைத்துக்கொள்ளலாமே, ஸ்தாயியைச் சமமாகப் பங்கிடுவானேன் என்று கேட்கலாம். இளிக்கு இளி, அவ்விளிக்கு இளி என்று பன்னிரண்டு முறை ஏறிச் செல்வோமாயின், ஏழு ஸ்தாயிகளைக் கடந்து தொடங்கிய சுரத்திற்கே மீள்வோம் என்று செவி எதிர்பார்க்கின்றது. கணக்கிட்டுப் பார்த்தால் அவ்வாறு அமைவதில்லை. 3/2 என்பதைப் பன்னிரண்டு முறை பெருக்கினால் 129.746 வருகின்றது, 2 என்பதை ஏழு முறை பெருக்கினால் 128 வருகின்றது. எத்துணை முறை ஏறினும் இவ்வேற்றுமை முற்றும் தீராது. 3-இன் அடுக்குக்கள் யாவும் ஒற்றை எண்கள், 2-இன் அடுக்குக்கள் யாவும் இரட்டை எண்களாகலின் இவை ஒருநாளும் சமமாகா. இளியைக் குரலாக்கிப் பாலை திரித்துக்கொண்டே செல்லும் பாடகன் புறப்பட்ட வீட்டிற்குத் திரும்பாமல், அடுத்த வாயிலிற் சென்று நிற்பான்.

இவ்விடர்ப்பாட்டை ஆபிரகாம் பண்டிதர் அவர்கள் நன்கு உணர்ந்திருந்தார்கள். வட்டமாகச் சொல்லப்பட்ட பாலைமுறை வட்டமாகவே முடிதல் வேண்டும் என்பது அவர்களுடைய உறுதி. அதற்கு வழி ஒன்றே. ஸ்தாயியைச் சம பாகங்களாக்கி, ஒவ்வொரு விகிதத்தையும் மிக அண்மையிலுள்ள படிக்குச் சிறிது நகர்த்தி வைத்தல் வேண்டும். இம்முறையிற் பன்னிரு பாகங்களுக்கு வேண்டிய கணக்கை 1584-ஆம் ஆண்டிலேயே சீன நாட்டு இளவரசர் ஜு ஸாய்யூ துல்லியமாகச் செய்து முடித்தார். பியானோவும் ஹார்மோனியமும் இன்று பெரும்பாலும் அம்முறையிலேயே சுருதி கூட்டப்படுகின்றன.

நகர்த்தும் அளவை ஒப்பிடுவதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். ஆங்கில அறிஞர் அலெக்ஸாண்டர் எல்லிஸ் 1885-இல் ஒரு ஸ்தாயியை 1200 சென்ட் எனக் கொண்டார். அவ்வளவையில் தூய இளி 701.96 சென்ட், தூய அந்தர காந்தாரம் 386.31 சென்ட். பன்னிரு சம பாகத்தில் இவை முறையே 700-ம் 400-ம் ஆகின்றன. இளி ஏறக்குறைய 2 சென்ட் தாழ்வது செவிக்குப் புலனாவது அரிது. காந்தாரமோ ஏறக்குறைய 14 சென்ட் உயர்ந்துவிடுகின்றது. பயின்ற செவிக்கு இது நன்கு புலனாகும்.

ஆதலாற் பிற பகுப்புக்களை நாடியவர் பலர். 53 இளிகள் ஏறினால் 31 ஸ்தாயிகளுக்கு மிக அண்மையில் வரும் என்பதைக் கிறிஸ்துவுக்கு முற்பட்ட முதல் நூற்றாண்டிலேயே சீனத்து ஜிங் ஃபாங் கண்டார். டச்சு நாட்டு ஹைகன்ஸ் 1691-இல் 31 பாகங்களைப் பற்றி எழுதினார். அப்பகுப்பிற் காந்தாரத்தின் பிழை ஒரு சென்ட்டுக்கும் குறைவு. எனினும் ஒன்றிற் சிறந்தது மற்றொன்றிற் குறைபடுகின்றது. இளிக்கு எது நன்று, காந்தாரத்திற்கு எது நன்று என்று தனித்தனியே கேளாமல், எல்லாப் பகா எண்களையும் ஒருங்கே வைத்து ஒரே அளவாற் சீர்தூக்கும் துலாக்கோல் உண்டோ? இவ்விடத்திலேதான் ஸீட்டாச் சார்பு நமக்கு உதவ வருகின்றது.

ஆய்லரும் ரீமானும்

1, 2, 3, 4 என்று செல்லும் எண்களின் இருபடிகளைத் தலைகீழாக்கிக் கூட்டுவோம். 1, 1/4, 1/9, 1/16 என்று முடிவின்றி நீளும் இக்கூட்டல் 1.6449 என்னும் அளவை அணுகுகின்றது. இனி, பகா எண்களை மட்டும் எடுத்து, 4/3, 9/8, 25/24, 49/48 என்று அமைத்துப் பெருக்குவோம். இந்நான்கின் பெருக்கமே 1.595 ஆகிவிடுகின்றது, எஞ்சிய பகா எண்களையும் சேர்த்துக்கொண்டே போனால் அதே 1.6449-ஐ அணுகுகின்றது. எல்லா எண்களின் கூட்டலும் பகா எண்களின் பெருக்கமும் ஒன்றே என்னும் இவ்வுண்மையை 1737-இல் நிறுவியவர் ஆய்லர். இருபடிக்கு மட்டுமன்றி 1-க்கு மேற்பட்ட எவ்வடுக்குக்கும் இது பொருந்தும். அடுக்கை மாற்ற மாற்றக் கூட்டுத்தொகை மாறுகின்றது. அங்ஙனம் மாறும் தொகையையே ஸீட்டாச் சார்பு என்கின்றனர். இவ்வாய்லரே 1739-இல் இசையிலக்கணம் பற்றியும் ஒரு நூல் வெளியிட்டார் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

இச்சார்பை அடுத்த படிக்கு உயர்த்தியவர் ஜெர்மானிய அறிஞர் ரீமான். 1859-இல் வெளியிட்ட சிறு கட்டுரை ஒன்றில், அடுக்காக வரும் எண்ணைக் கலப்பெண்ணாகவும் கொள்ளலாம் என்று விரித்தார். கலப்பெண்ணுக்கு இரு பகுதிகள் உண்டு. நிலப்படத்தில் ஓர் ஊரின் இடத்தைக் குறிக்கக் கிழக்கு மேற்காக ஓரளவும் தெற்கு வடக்காக ஓரளவும் வேண்டுவது போல என்று கொள்க. கிழக்கு மேற்கு அளவை 1/2 என்று நிறுத்திக்கொண்டு வடக்கு நோக்கி நேராக நடந்தால், ஸீட்டாவின் அளவு மலையும் பள்ளமுமாக ஏறி இறங்குகின்றது, இடையிடையே சுழியாகின்றது. இச்சார்பின் சிறப்பான சுழிகள் யாவும் இக்கோட்டின்மீதே உள்ளன என்று ரீமான் கருதினார். அக்கருத்து இன்றுவரை மெய்ப்பிக்கப்படவில்லை. நம் இராமானுஜரைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்துக்கொண்ட ஹார்டி, எண்ணிறந்த சுழிகள் இக்கோட்டில் உள என்பதை மட்டும் 1914-இல் நிறுவினார். ரீமான் கட்டுரை வெளிவந்த 1859-ஆம் ஆண்டே ஆபிரகாம் பண்டிதர் பிறந்த ஆண்டு என்பதைக் கண்டபோது எனக்கு ஓர் உவகை பிறந்தது.

கடிகார முட்கள்

வடக்கு நோக்கி நடக்கும்போது ஸீட்டா ஏறி இறங்குவது ஏன்? இதனை ஓர் உவமையால் விளக்கலாம். ஒரே முகத்தில் பல முட்கள் உடைய கடிகாரம் ஒன்றைக் கற்பனை செய்க. ஒவ்வொரு பகா எண்ணுக்கும் ஒரு முள். தொடக்கத்தில் எல்லா முட்களும் நேர் மேலே நிற்கின்றன. நாம் ஸ்தாயியை எத்தனை பாகமாக்குகின்றோமோ அந்த எண்ணைச் சிறிது சிறிதாக உயர்த்திச் செல்ல, முட்கள் சுழல்கின்றன. பாக எண் ஒன்று உயரும்தோறும் 2-இன் முள் சரியாக ஒரு சுற்றுச் சுற்றுகின்றது. 3-இன் முள் 1.585 சுற்று, 5-இன் முள் 2.322 சுற்று, 7-இன் முள் 2.807 சுற்று.

இச்சுற்றுக்களின் பொருள் யாது? 12 பாகங்கள் என்று கொள்வோம். 3-இன் முள் அப்பொழுது 19.02 சுற்றுச் சுற்றியிருக்கும். 3 என்னும் விகிதம் பன்னிரு பாகப் பகுப்பில் 19.02-ஆம் படியில் அமைகின்றது என்பதே அதன் பொருள். படிகளோ 19, 20 என்று முழு எண்ணாகவே இருக்கக் கூடும். 19.02 என்பது 19-ஐ ஒட்டியிருத்தலின் முள் ஏறக்குறைய நேர் மேலே நிற்கும். இளியும் செம்மையாகக் கிடைக்கும். ஒரு பகா எண் இரு படிகளுக்கு நட்ட நடுவே விழுமாயின், அதன் முள் நேர் கீழே தொங்கும்; அச்சுரம் அப்பகுப்பிற் செம்மையுறக் கிடைக்காது. எல்லா முட்களும் ஒருங்கே மேல்நோக்கும் பாக எண் எதுவோ, அதுவே நாம் தேடும் பகுப்பு.

முட்கள் யாவும் ஒரே நீளமுடையன அல்ல. 1/2 என்னும் கோட்டில் நடக்கும்போது 2-இன் முள் 0.71 நீளமுடையது, 3-இன் முள் 0.58; 5-இன் முள் 0.45, 7-இன் முள் 0.38; 11-இன் முள் 0.30. பகா எண் பெரிதாகுந்தோறும் முள் குறுகுகின்றது. பெரிய எண்களின் விகிதங்களுக்குச் செவி தரும் மதிப்பும் குறைவாதலின் இவ்வேற்பாடு இசைக்கும் பொருந்துகின்றது. ஒவ்வொரு முள்ளின் நுனியும் நடுப்புள்ளிக்கு எவ்வளவு மேலே, அன்றி எவ்வளவு கீழே நிற்கின்றது என்று அளந்து யாவற்றையும் கூட்டுக. அக்கூட்டுத்தொகை மிகுமிடத்து ஸீட்டாவும் உயர்ந்து நிற்கும். நிலப்படத்தில் நாம் வடக்கே எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்பது பாக எண்ணை 9.0647-ஆற் பெருக்கினால் வரும். 12-க்கு 108.78, 22-க்கு 199.42, 24-க்கு 217.55.

முதல் ஐந்து பகா எண்களை மட்டும் கொண்டு யான் கணக்கிட்டுப் பார்த்தேன். 12-க்கு 1.13 வந்தது, 22-க்கு 1.75, 23-க்கு சுழிக்கும் கீழே 0.83, 24-க்கு 1.23. இருபத்துமூன்றாம் பகுப்பில் 2 ஒழிந்த ஏனை நான்கு முட்களும் கீழ்நோக்கித் தொங்குகின்றன. ஒரு பாகம் கூடினாலும் குறைந்தாலும் இத்துணை வேற்றுமை விளைவது வியப்பன்றோ!

ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். முட்களின் கணக்கு முழுதும் செல்லுபடியாவது 1-க்குக் கிழக்கேயுள்ள நிலத்தில்தான். 1/2 என்னும் கோட்டில் முடிவிலாத முட்களையும் கூட்டப் புகுந்தால் அக்கூட்டல் ஓரிடத்தில் நிலைகொள்ளாது. அந்நிலத்தில் ஸீட்டாவின் அளவை அறிய ரீமான் காட்டிய வேறு வழியிற் செல்லல் வேண்டும். எனினும் மலைகள் எங்கெங்கே எழுகின்றன என்பதை அறியச் சிறிய பகா எண்களின் முட்கள் நல்ல வழிகாட்டிகளே.

சிகரங்கள்

ஸீட்டாவின் இவ்வியல்பை இசைக்குப் பயன்படுத்தியோருள் முதன்மையாகச் சொல்லத்தக்கவர் அமெரிக்கக் கணித அறிஞர் ஜீன் வார்டு ஸ்மித். 1/2 கோட்டில் நடந்து செல்கையில், அதற்கு முன் கண்ட எல்லா மலைகளையும் விட உயர்ந்த மலை எதிர்ப்படும் இடங்களை மட்டும் குறித்துக்கொண்டால், அவ்விடங்களுக்கு அண்மையிலுள்ள பாக எண்கள் 1, 2, 3, 4, 5, 7, 10, 12, 19, 22, 27, 31, 41, 53, 72, 99 என்று செல்கின்றன.

இவ்வரிசையை முதன்முதற் கண்டபோது சிறிது நேரம் யாதும் பேசாதிருந்தேன். ஸீட்டாவுக்குச் செவி இல்லை. யாழும் குழலும் அது அறியாது. பகா எண்கள் அன்றி வேறொன்றும் அதனுட் புகவில்லை. அவ்வாறிருந்தும் ஐந்து சுரத் திறங்களின் 5, ஏழு சுரப் பண்களின் 7, பன்னிரு சுரத்தானங்களின் 12, ஹைகன்ஸின் 31, ஜிங் ஃபாங்கின் 53 ஆகிய யாவும் அதில் தாமாகவே வந்து நிற்கின்றன. மனிதர் பல நூற்றாண்டுகளாகச் செவியாலும் கையாலும் தேடிக் கண்டவற்றை இக்கணிதம் ஒரே நேர்க்கோட்டில் நடந்து காட்டிவிடுகின்றது.

சிகரங்கள் முழு எண்ணின்மீது சரியாக நிற்பதில்லை என்பதும் அறியத்தக்கது. பன்னிரண்டின் சிகரம் 12.023-இல் உள்ளது. ஸ்தாயியையே 1200 சென்ட்டினின்று ஏறக்குறைய 1197.7 சென்ட்டாகச் சிறிது சுருக்கினால், பிற விகிதங்களும் சேர்ந்து நன்கு பொருந்தும் என்பது அதன் குறிப்பு. உயர்ந்துவிட்ட காந்தாரத்தைக் கீழே இழுப்பதற்கு அஃது உதவுகின்றது. ஐம்பத்துமூன்றின் சிகரமோ 52.997-இல் உள்ளது, அப்பகுப்பில் ஸ்தாயியை அசைக்க வேண்டிய தேவை ஏறக்குறைய இல்லை.

மலை உயருமிடத்தில் அதன் இருபுறத்துச் சுழிகளும் விலகி நிற்கும். பன்னிரண்டின் மலைக்கு இருபுறமும் 107.17-இலும் 111.03-இலும் சுழிகள் உள்ளன. இடைவெளி 3.86. அப்பகுதியில் சுழிகளின் சராசரி இடைவெளி 2.2 அளவே. கூட்டமான தெருவில் ஒரு பெரியவர் வந்தால் இருபுறமும் மக்கள் விலகி வழிவிடுவது போலப் பன்னிரண்டுக்குச் சுழிகள் வழிவிட்டு நிற்கின்றன.

இருபத்திரண்டும் இருபத்துநான்கும்

இனி வழக்கிற்கு வருவோம். சிகர வரிசையில் 22 உள்ளது, 24 இல்லை.

சிலப்பதிகார உரைமரபில் ஏழு நரம்புகளுக்கும் அலகுகள் சொல்லப்படுகின்றன. குரலுக்கு 4, துத்தத்திற்கு 4, கைக்கிளைக்கு 3, உழைக்கு 2, இளிக்கு 4, விளரிக்கு 3, தாரத்திற்கு 2, கூடினால் 22. இதில் குரலினின்று இளிவரை எண்ணினால் 13 அலகு வருகின்றது. ஸ்தாயியை 22 சம பாகமாக்கினால் இளிக்கு மிக அண்மையில் நிற்கும் படியும் பதின்மூன்றாவதே. பாஸன்கெட் என்னும் ஆங்கில அறிஞர் இந்திய நாட்டு ஸ்தாயிப் பகுப்பைப் பற்றி 1877-இல் ஒரு கட்டுரை எழுதி, 22 சம பாகங்களின் தன்மையை ஆராய்ந்தார். மேல்நாட்டில் 22 சம பாகங்களைப் பற்றிய ஆராய்ச்சிக்கு நம் நாட்டுச் சுருதிக் கணக்கே ஒரு தூண்டுகோலாயிற்று. 1947-இல் வெளிவந்த யாழ் நூலில் விபுலாநந்த அடிகளும் 22 அலகுகளைக் கொண்டே ஆராய்ந்துள்ளார்.

ஆபிரகாம் பண்டிதர் அவர்கள் இதனை ஏற்கவில்லை. ஆய்ச்சியர் குரவையையும் அதன் உரையையும் ஆராய்ந்து, ஆயப்பாலையில் ஸ்தாயி 12 ஆகவும் வட்டப்பாலையில் 24 ஆகவும் சமமாகப் பகுக்கப்படும் என்றும், 22 என்பது 24-இல் இரண்டு அலகு குறைத்துக் கையாண்டமையால் வந்தது என்றும் கொண்டார்கள். 1912 முதல் தஞ்சையில் சங்கீத மகாநாடுகள் கூட்டினார்கள். 1916-இல் பரோடாவில் நடந்த அகில இந்திய மகாநாட்டிற்குச் சென்று, கற்றோர் அவையில் தம் கொள்கையை எடுத்துரைத்தார்கள்.

ஸீட்டாவின் தீர்ப்பு அவர்களுக்கு மாறாகவா அமைந்தது? யான் விரும்பாவிடினும், முதற்பார்வையில் அவ்வாறே என்று ஒப்புதல் வேண்டும். 24-க்கும் மலை ஒன்று உண்டு. 216.17, 219.07 என்னும் சுழிகளுக்கு இடையே 2.90 அகலத்தில் அது நிற்கின்றது. ஆனால் அது 22-இன் மலையை விஞ்சவில்லை. காரணமும் விளங்குகின்றது. 24 என்பது பன்னிரண்டை இரட்டித்தது. பன்னிரண்டில் உள்ள அதே இளியும் அதே காந்தாரமும் அதிலும் உள்ளன. காந்தாரத்தின் 14 சென்ட் பிழை 100 சென்ட் படியில் ஏழில் ஒரு பங்கு. 50 சென்ட் படியிலோ நான்கில் ஒரு பங்குக்கும் மிகுதி. ஸீட்டா பிழையைப் படியின் அளவோடு ஒப்பிட்டே மதிக்கின்றது. இரு மடங்கு சுரங்களை வைத்துக்கொண்டும் காந்தாரத்தைத் திருத்தவில்லையே என்று அது கடிந்துகொள்வது போலும்! 22-இலோ காந்தாரத்தின் பிழை 4.5 சென்ட் மட்டுமே.

எனினும் வழக்கு இத்துடன் முடியவில்லை. தீர்ப்பைப் படிப்பவன், நீதிபதியிடம் கேட்கப்பட்ட வினா யாது என்பதையும் படித்தல் வேண்டும். ஸீட்டா எல்லாப் பகா எண்களையும் கேட்டுத் தீர்ப்புச் சொல்கின்றது. பண்டிதர் அவர்கள் கேட்ட வினா அதுவன்று. இளிமுறையிற் பாலை திரிந்து வட்டம் முடிதல் வேண்டும் என்பதே அவர்கள் கேட்டது. அவ்வினாவிற்கு 2-இன் முள்ளும் 3-இன் முள்ளுமே சான்று. அவ்விரண்டை மட்டும் கூட்டிப் பார்த்தேன். 22-க்கு 1.10, 24-க்கு 1.27, 12-க்கு 1.28. இளியின் பிழை 24-இல் 2 சென்ட் மட்டுமே. 22-இல் 7 சென்ட்டுக்கும் மிகுதி. இளி ஒன்றையே உரைகல்லாக வைத்தால் பண்டிதர் அவர்கள் 22-ஐ ஒதுக்கியது பிழையன்று. காந்தாரமும் அதற்கு மேற்பட்ட விகிதங்களும் சேர்ந்து நியாயம் கேட்கும்போதுதான் தராசு 22-இன் பக்கம் சாய்கின்றது.

இன்னும் ஒன்று. பழைய நூலாசிரியர் 22 அலகுகளைச் சமமாகக் கொண்டனரா அல்லரா என்பதை ஸீட்டா சொல்லாது. அது சம பாகங்களை மட்டுமே அறியும். இளங்கோவடிகள் காலத்து யாழ் எங்ஙனம் ஒலித்தது என்பதற்குச் சான்று பாட்டிலும் உரையிலும் கருவிகளிலும் தேடத்தக்கதே ஒழியப் பகா எண்களில் அன்று. 22 சிகரமாயிருத்தல் கொண்டு, நம் முன்னோர் இக்கணிதத்தை அன்றே அறிந்திருந்தனர் என்று முழங்குவது முன்னோர்க்குப் பெருமை தேடுவதாகாது.

முடிவுரை

ஆசையோடு புகுந்த யான் ஏமாந்தேனா என்று நண்பர் கேட்டார். இல்லை என்றேன். பண்டிதர் அவர்களை யான் மதிப்பது அவர்கள் 24 என்று சொன்னதனால் மட்டுமன்று. ஒரு கொள்கையைச் சொல்லும்போது, பெருமை பேசாமல், அட்டவணை அட்டவணையாகக் கணக்கை விரித்து வைத்து, வல்லார் எவரும் ஆராய்ந்து கொள்க என்று அவையிற் கொண்டுபோய் நிறுத்தினார்களே, அந்நெறிக்காக மதிக்கின்றேன். அவர்கள் கணக்கை நூறாண்டுகளுக்குப் பின் ஒரு மாணவன் வேறொரு கருவிகொண்டு சீர்தூக்குவது அவமதிப்பு ஆகாது. அவர்கள் விட்டுச்சென்ற அழைப்பை ஏற்பதே ஆகும்.

இயல் பயில்வோர் இசையைக் கணிதத்திற்கு விட்டுவிடுகின்றோம். கணிதம் பயில்வோர் அதனைத் தமிழுக்கு விட்டுவிடுகின்றனர். இருவரும் விட்டதனால் அவ்வட்டவணைகள் நூல்நிலையத்தில் தூசி படிந்து கிடக்கின்றன. தமிழ் மாணவர் மடக்கை வாய்பாட்டைக் கண்டு அஞ்சாதிருக்கவும், கணித மாணவர் சிலப்பதிகார உரையைக் கண்டு அஞ்சாதிருக்கவும் வேண்டும். 12 என்னும் எண்ணுக்குச் சுழிகள் விலகி வழிவிடுவது ஏன் என்று ஒருவரும், குரலுக்கும் இளிக்கும் இடையே 13 அலகு வந்தது எங்ஙனம் என்று மற்றவரும், ஒரே மேசையில் அமர்ந்து ஆராயும் நாள் நம் கல்லூரியில் வருமாயின், இக்கட்டுரையிற் குறைபட்டவற்றை அவர்கள் நிறைவு செய்வார்கள்.